பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

அதைக் கார் என்றா சொல்வது? பேரின்பநாயகம் வீட்டு மூத்த பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காத்தோங்கிலிருந்து பொங்கோல் கடற்கரைக்குக் குடும்பத்தையே சுமந்துகொண்டு போகும் அந்த மோரிஸ். பின்சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கார அம்மா யோகம் புட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் முதல் பங்கு டிரைவர் பரமசிவத்துக்குத்தான். ம்ஹூம், அதெல்லாம் ஒரு காலம்!

யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தான். காரைப் பிடுங்கிக்கொண்டான், கூடவே டிரைவரையும் இழுத்துக்கொண்டான். இப்போது பின்சீட்டில் ஒரு கேப்டன் உட்கார்ந்து வருகிறான்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. செராங்கூன் ரோட்டில் ராஜா மாதிரி ஓடும். புக்கித் தீமா ஏற்றம் வந்ததும் இழுக்காது. முக்கி முனகி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இரண்டாம் தடவை நின்றபோது கேப்டன் இறங்கி வந்து பளார் என்று அறைந்தான். வேண்டுமென்றே கெடுக்கிறாய், நாளைக்கும் நின்றால் சயாமுக்கு ரயில் ரோடு வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று மொழிபெயர்க்கும் துபாஷியை விட்டுச் சொன்னான். சயாமுக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்?

கேப்டனை இறக்கிவிட்ட கையோடு, பழைய சிநேகிதர் சேக் தாவூதின் கார் பட்டறைக்குப் பரமசிவம் ஓட்டிக்கொண்டு போனான்.

"நாளைக்கு இது நின்னுச்சுன்னா நான் சயாம்தான் லா, பாய்!"

"வாயக் கழுவுய்யா மொதல்ல" என்றார் தாவூது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பெட்ரோல் குழாயையும் பார்த்தார். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. "ஒங்க கேப்டன் கிறுக்கு இதுக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்று அலுத்துக்கொண்டு, ஓட்டியே பார்த்துவிடுவோம் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

சொல்லி வைத்த மாதிரி அதே ஏற்றத்தில் நின்றது.

"டேங்கில பெட்ரோல் இருக்கா, பாரு."

பரமசிவம் குச்சியோடு பின்னால் போய் மூடியைத் திருகினான். உஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தத்துக்குத் தாவூது குதித்து இறங்கினார்.

"மூடாத! தெறந்தே வச்சு ஏத்து!"

ஏற்றம் முழுக்க ஏறியது, ஒரு முனகல் இல்லாமல்! தாவூது மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றுப் போவதற்கு மூடியில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்று உண்டு. காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் இன்ஜினுக்கு வராது. அந்த ஓட்டையில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமம் வேறு.

"எந்தப் புண்ணியவான் வேலைய்யா இது?"

பரமசிவத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு யோகம் அம்மாதான் காருக்குப் பொட்டு வைப்பார். கார் பறிபோன பிறகும் மனசு கேட்காமல், கோயில் சந்தனத்தை இலையில் மடித்துக்கொண்டு காத்தோங்கிலிருந்து நடந்தே கேப்டன் வீட்டுப் பின்சந்துக்கு வந்திருந்தார். முன்னால் வைத்தால் கேப்டன் கண்ணில் படுமே என்று, இவன்தான் பின்பக்கம் கூட்டிப்போய் மூடியைக் காட்டினான். அவர் விரலை அழுத்தி, "எங்கட காரைப் பத்திரமாக் கொண்டு வந்து தா, பரமசிவம்" என்றார்.

பொட்டை ஊசியால் சுரண்டும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மறுநாள் கார் ஏற்றத்தில் நிற்கவில்லை. கேப்டன் பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டு வந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை யோகம் அம்மா மறுபடியும் இலையோடு வந்து நின்றார்.

"கார் ஒழுங்கா ஓடுதோ? என்ர பொட்டுக் காப்பாத்துதுதானே?"

"அதுதாம்மா காப்பாத்துது" என்றான். ஓட்டையை அடைத்ததே அந்தப் பொட்டுதான் என்று சொல்ல மனம் வரவில்லை.

சந்தன விரல் மூடியை நோக்கிப் போனது. பரமசிவம் சட்டென்று குறுக்கே வந்தான்.

"இன்னைக்குக் காருக்கு வேணாம்மா. எனக்கு வைங்க."

இத்தனை வருஷத்தில் அவர் அவனைத் தொட்டதில்லை. குனிந்த நெற்றியையும் கலங்கியிருந்த கண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழுத்தி வைத்தார்.

"கார் போனாப் போகட்டும், ராசா. நீ பத்திரமா வந்து சேர்."