மேல்தாடை நான், கீழ்த்தாடை நாத்தனார்

என் வீட்டுக்காரருக்கு மியூசியத்துல எலும்புக்குப் பேர் வைக்கிற வேலை. கல்யாணமான புதுசுல, பூண்டோட அழிஞ்சுபோன ஒரு காண்டாமிருகத்துக்கு என் பேரை வெச்சுட்டு வந்து நின்னார். "ஏங்க, ஒரு புடவை கிடவை கிடைக்கலையா?"ன்னு கேட்டேன். கோபம்தான். ஆனா அந்த மனுஷன் வாயிலேர்ந்து 'நல்லா இருக்கே'ன்னு ஒரு சொல் வராது. சரி, காண்டாமிருகமாவது கொடுத்தாரேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். போகப் போக அதுவே பெருமையாயிடுச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள சொல்லிடுவேன்.

என் பேர் வெச்சது ஒரு மேல்தாடைக்கு. வீட்டோட இருக்கிற நாத்தனார் முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாதேன்னு, பக்கத்துல கிடைச்ச கீழ்த்தாடையை வேற இனம்னு சொல்லி, அதே கட்டுரையில அவ பேரை வெச்சார். பொருத்தம்தான். வாயில ஓயாம ஆடுறது கீழ்த்தாடைதானே!

போன மாசம் வந்தது வினை. ஆத்தங்கரையில முழு மண்டையோடு கிடைச்சுது. மேல நான், கீழ நாத்தனார், ரெண்டு பேரும் ஒரே வாயில! ஒரே மிருகத்துக்கு ரெண்டு பேர் ஆகாதாம், முதல்ல வெச்சதுதான் நிக்குமாம். ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சதால, எது நிக்கணும்னு அவரே எழுதிக் கொடுக்கணுமாம்.

"தாடைன்னாலே கீழ்த்தாடைதான் அண்ணி"ன்னு தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டே ஆரம்பிச்சா நாத்தனார்.

"கொம்பு எந்தப் பக்கம் இருக்கு? மேலதானே?"ன்னேன்.

அதோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. அவர் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவார். அவரா எனக்குன்னு கொடுத்தது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கிட்டா என்கிட்ட என்ன மிச்சம்?

மண்டையோட்டை எல்லாரும் பார்க்க வெச்ச அன்னிக்கு, அவர் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் பேசாமலே போய் நின்னோம். பலகையில என் பேரும் இல்லை, அவ பேரும் இல்லை. வாயில நுழையாத வேற ஏதோ பேர்.

"யாருங்க இவ?"

"அது நாய்"ன்னார். "முன்னாடி இங்க இருந்த அதிகாரி வளர்த்தது. இதே மிருகத்தோட ஒரு பல்லைப் பார்த்து, உங்க ரெண்டு பேருக்கும் முன்னாலயே அவர் அந்தப் பேரை வெச்சுட்டார். விதிப்படி அதுதான் நிக்கும். எனக்கும் நிம்மதி."

"அந்தப் பல்லு எப்பங்க உங்க கண்ணுல பட்டுது?"

மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே. என் மேஜை டிராயர்லதான் இருந்துது. அதே மிருகம்னு தெரியும், யார் தேடப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. இத்தனை வருஷமா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் எதைச் சொல்லிப் பீத்திக்கிட்டிருந்தேன்!

நாத்தனார் என் கையைப் பிடிச்சா. "அண்ணி, கூடையை எடுங்க. போலாம்."

"அப்ப என் சாப்பாடு?"ன்னார் அவர்.

"அந்த நாய்கிட்ட போய்க் கேளுங்க!"

மியூசியம் படியில உக்காந்து, அவர் பங்கை நாங்க ரெண்டு பேருமா மென்னு தீர்த்தோம்.