தொண்ணூற்றெட்டுக் குட்டைச் சிறகுகள்

எங்கள் வகுப்பில் மொத்தமே பதினொரு பேர். பல்கலைக்கழகம் என்று வாசலில் பெரிய பலகை இருந்ததே தவிர, உயிரியல் துறை என்பது ஒரு மாடி, ஒரு ஆய்வகம், எப்போதும் பழுதாகிக் கிடக்கும் ஒரு லிஃப்ட், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் மரபியல் பாடத்துக்காகப் பழ ஈக்களை வளர்த்தோம். பெண் என்ன படிக்கிறாள் என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்டால் சித்தப்பா முந்திக்கொண்டு, "யுனிவர்சிட்டிக்குப் போய் ஈ ஓட்டறா" என்பார். அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

என் வகுப்புத் தோழி நத்தைக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். எதையும் மூன்று தடவை செய்வாள். பரீட்சை அறையிலிருந்து கடைசி ஆளாக வெளியே வருவாள், மதிப்பெண் பட்டியலில் முதல் ஆளாக நிற்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. மரபியல் எடுத்த மேடம் ஒவ்வொரு வருடமும் விடுமுறையில் தன் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்வார். அந்த வருடம் அது நத்தைதான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் கிடைத்தால் மேற்படிப்பு, இல்லாவிட்டால் அத்தையின் மருந்துக்கடையில் கல்லாப்பெட்டி என்று அவள் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே சோதனை. நீளச் சிறகுள்ள பெண் ஈக்களையும் குட்டைச் சிறகுள்ள ஆண் ஈக்களையும் ஒரு பாட்டிலில் விட்டால் பிள்ளைகள் எல்லாம் நீளச் சிறகோடு பிறக்கும். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறக்கும் பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்குக் குட்டைச் சிறகு திரும்பி வரும். முதல் பாட்டிலை ஆய்வக உதவியாளர், அதாவது எங்கள் லேப் அண்ணன், தயார் செய்தார். பிறந்த பிள்ளைகளைப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். பேரப்பிள்ளைகளை மயக்கி, வெள்ளை அட்டையில் கொட்டி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவது எங்கள் வேலை.

நான் எண்ணவில்லை. அக்கா புது வீட்டுக்குக் குடிபோகிறாள் என்று போனவள், இரண்டு நாள் என்பதை ஆறு நாளாக்கிவிட்டேன். திரும்பி வந்தபோது பாட்டிலில் பேரன்களோடு கொள்ளுப்பேரன்களும் கலந்துவிட்டார்கள். இனி எண்ணிப் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கொட்டிக் கழுவிவிட்டு, நீளம் முன்னூற்றுப் பதினொன்று, குட்டை தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். கச்சிதமாக நாலில் ஒன்று வந்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கோணலாக்கிக்கொண்ட என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடம் எண்ணிக்கைகளை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லிப் பலகையில் எழுதுவார். நத்தை எனக்கு முன்னால் எழுந்தாள். நீளம் நானூற்று இருபத்தேழு, குட்டை பூஜ்யம் என்றாள். மேடத்தின் கை பலகையிலேயே நின்றது. ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார். மூன்று தடவை எண்ணினேன் மேடம் என்றாள் நத்தை. அடுத்தது நான். தாளைத் தொலைத்துவிட்டேன், ஈக்கள் செத்துவிட்டன, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து முன்னூற்றுப் பதினொன்று, தொண்ணூற்றெட்டு என்று கணீரென்று வாசித்தேன்.

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை இந்தப் பாட்டிலில் சரியாக வரும்போது அந்தப் பாட்டிலில் மட்டும் எப்படி வராமல் போகும் என்று மேடம் கேட்டார். நத்தை தன் தாளை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். மேடம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள ரெக்கார்டுல எழுதிக் கொண்டு வா. எண்ணாம எழுதறவங்களை நான் என் லேபுக்குள்ள விடறதில்ல."

அந்த வார்த்தை யாருக்கு உரியதோ அந்த நான் நத்தைக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் நத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, குட்டைச் சிறகு உன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது, வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைத்தாய் என்றெல்லாம் கேட்டாள். அவள் குரலில் துளி சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பக்கவாட்டில் வைத்தேன் என்றேன்.

மறுநாள் சாமான் அறையில் லேப் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் பேசினார். பெண் ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் அவற்றைத் தனியே பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் கூடவே பிறந்த ஆண்களோடு சேர்ந்துவிடும், அப்புறம் நாம் விடுகிற குட்டைச் சிறகு மாப்பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. பிறக்கிற பிள்ளைகளும் நீளச் சிறகோடுதான் இருக்கும் என்பதால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, பேரப்பிள்ளைகளில் குட்டை ஒன்றுகூட வராதபோதுதான் தெரியும். உங்கள் பாட்டிலுக்குப் பிரித்த அன்றைக்குப் பேருந்து பழுதாகி நான் வந்து சேர மத்தியானமாகிவிட்டது என்றார்.

"அந்தப் பொண்ணு பூஜ்யம்னதும் அன்னைக்கு லேட்டா வந்ததுதான் ஞாபகம் வந்துச்சும்மா. மேடம்கிட்ட சொல்லிடலாம்னுதான் கிளம்பினேன். அப்புறம்தான் உனக்கு சரியா வந்துச்சுன்னு சொன்னாங்க. நல்லவேளை, என் தப்பு இல்ல."

தலையை ஆட்டினேன். நத்தை ஒரு ஈயைக்கூடத் தவறவிடவில்லை. அவள் போட்ட பூஜ்யம்தான் அந்த ஆய்வகத்திலேயே சரியான எண். இது தெரிந்த ஒரே ஆள் நான். உண்மையைச் சொன்னால் பாவம் இந்த அண்ணன் மாட்டிக்கொள்வார் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் தானாகவே சொல்லக் கிளம்பியவர். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரை முன்னால் நிறுத்தினேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த இரண்டு நாளும் நத்தை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்த தன் செத்த ஈக்களை மறுபடி கொட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடுவதுபோல் தேடினேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"உன் ஈயில ஒரு குட்டை றெக்கைய எனக்குக் காட்டேன். என் கண்ணுக்கு எது தப்பிச்சுதுன்னு பார்த்துக்கறேன்."

இதோ என்று எழுந்து போனேன். அலமாரியில் குட்டைச் சிறகு ஈக்களுக்கென்றே வளர்க்கும் பாட்டில் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒன்றை மயக்கி எடுத்து வந்து, என்னுடையது என்று சொல்லி அவள் மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, இதையா பார்க்காமல் விட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மேடத்தின் முகமும் வீட்டில் அம்மாவின் முகமும் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டேன்.

அவள் ரெக்கார்டைத் திறந்து, நானூற்று இருபத்தேழின் மீது அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே தன் குண்டு குண்டான எழுத்தில், 'ஈக்களைச் சரியாகப் பார்க்காமல் எண்ணிக்கை எழுதிவிட்டேன். பிழை என்னுடையது' என்று எழுதினாள். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினாள். அடித்து எழுதினால், சேர்ந்து சோதனை செய்தவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மேடத்தின் விதி.

இதை எழுதிக் கொடுத்தால் அந்த இடம் உனக்குக் கிடைக்காதே என்றேன்.

"தெரியும். ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படி சொல்றது?" என்றாள்.

பேனாவையும் அவளே மூடி திறந்து கொடுத்தாள். பார்த்தேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். எழுத்து அழகாகத்தான் விழுந்தது. மை காயட்டும் என்று அவள் அதன்மேல் ஊதினாள்.

"தேங்க்ஸ்டி" என்றாள்.