பூஜ்ஜியம் டிகிரி மகள்

வெப்பமானி ஆலையில் பரிசோதகராக வேலை பார்த்தவளின் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே உடம்புச் சூடு சரியாகப் பூஜ்ஜியம் டிகிரி. பிள்ளை பால் குடித்தது, தவழ்ந்தது, பக்கத்து வீட்டுப் பூனையின் வாலை இழுத்தது. கையில் கொடுத்த ஐஸ்கட்டி மட்டும் கரையவில்லை. பார்க்க வந்த மருத்துவர் காய்ச்சல் கருவியை நாலு தடவை உதறினார். அதில் முப்பத்தைந்துக்குக் கீழே கோடே கிடையாது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில்தான் வம்பு வந்தது. வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி, தோலிலிருந்து வரும் சூட்டைத் தொடாமலே அளந்து, குறிப்பேட்டில் எழுதிய பிறகே பிள்ளைகளை உள்ளே விடுவார்கள்.

"எதுவுமே காட்டலையேம்மா. கட்டத்துல நான் என்னன்னு எழுதுறது?" என்றார் தலைமையாசிரியை.

மூன்று வருடம் இதே பதில். மகள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தே வாய்ப்பாடு சொன்னாள்.

நாலாம் வருடம் தாய் தலைமையாசிரியையின் மேசையில் ஒரு டம்ளர் ஐஸையும் ஒரு பிளாஸ்க் வெந்நீரையும் ஆலையிலிருந்து கொண்டுவந்த நாலு வெப்பமானிகளையும் வைத்தாள். ஐஸில் பூஜ்ஜியம் காட்டாத கருவி ஆலையின் வாசலைத் தாண்டாது. பாதரசம் பெருகி ஏறுவது ஒன்று, சிவப்புச் சாயம் கலந்த ஆல்கஹால் ஏறுவது ஒன்று, ஒட்டிய இரண்டு உலோகப் பட்டைகள் சூட்டில் வளைந்து முள்ளை நகர்த்துவது ஒன்று, நுனியில் மின்சாரம் ஓடும் விதத்தை வைத்து எண் காட்டுவது ஒன்று. ஒவ்வொன்றையும் வெந்நீரில் ஏற்றி, ஐஸில் இறக்கி, அப்படியே மகளின் அக்குளில் வைத்தாள். நாலும் பூஜ்ஜியத்தை விட்டு இம்மியும் அசையவில்லை. மகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

"நாலும் சேர்ந்து பொய் சொல்லாது டீச்சர். எட்டு வருஷமா இவளுக்குக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. பூஜ்ஜியம்னே எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

தலைமையாசிரியை வெந்நீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், சுட்டது. பேனாவைத் திறந்து எழுதினார். மகளுக்கென்று ஆலையிலிருந்து, பூஜ்ஜியத்துக்குக் கீழும் அளக்கும் கருவி ஒன்று வாசலுக்கு வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை வாசல் காவலர் ஆலைக்குப் போன் செய்தார்.

"பிள்ளைக்கு ரெண்டு டிகிரி அடிக்குதும்மா. வந்து கூட்டிட்டுப் போங்க, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்."

தாய் ஓடிவந்தாள். காய்ச்சல் விடுப்பு மூன்று நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்று நாள்தான்.