ஹம்ஷாதின் நோன்பு

அத்தா ஹம்ஷாதின் கண்களை மூடிவிட்டு, அவர் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் பானூயா. பஞ்சு கொட்டுவது அவர் தொழில்; கடைசியாக வில்லால் அடித்த பஞ்சின் துகள் இன்னும் அறைக்குள் மிதந்தது. சாளரத்து வெயிலில் அது இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியவில்லை.

பள்ளிவாசல் இமாம் வாசற்படியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"நிஷாப்பூர்ல பாக்காதவங்க யாரும்மா? ரமளான்ல, பட்டப்பகல்ல, கடைத்தெரு நடுவுல ரொட்டியை மென்னுக்கிட்டே போவாரு. இவரு ஜனாஸாத் தொழுகைக்கு எவன் வருவான்?"

"நீங்க கூப்பிட்டா வருவாங்க, ஹஜ்ரத்."

"கூப்பிடுறேன். கடைசியிலயாவது ஒரு நோன்பு பிடிச்சாரா? ஒரு வார்த்தை சொல்லு போதும். தெருவையே கூட்டிட்டு வர்றேன்."

அந்த வார்த்தை அவளிடம் இருந்தது.

அத்தா மென்றது வெறும் வாயை. ரொட்டியின் ஓரத்தில் கிள்ளியது குருவிகளுக்குப் போய்விடும். மிச்ச ரொட்டி வீட்டுக்கு வரும். சின்ன வயதில் அதைத் தின்றவள் அவள்தான். இன்று காலையிலும் அவள் தண்ணீரில் நனைத்துக் கொடுத்த துணியை, நோன்பு முறியுமென்று உதட்டிலிருந்து தள்ளினார். எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்ததும், "எங்கடி என் ரொட்டி?" என்று கத்தினார். மாமி போனபின் சிரித்தார். பிறகு மூச்சு நெடுநேரம் யோசித்து யோசித்து வந்தது.

ஒருமுறை அவளே கேட்டிருக்கிறாள், ஏன் அத்தா இப்படி என்று.

"ஊரு மெச்சினா அது ஊருக்காகப் பிடிச்ச நோன்பாயிடும் புள்ளே. மேலே இருக்கவனுக்குன்னு என்ன மிஞ்சும்? நீயும் சொல்லிடாதே."

இமாம் காத்திருந்தார். அவர் தாடியில் ஒரு பஞ்சு வந்து உட்கார்ந்தது. நல்ல மனிதர்தான்.

"நீங்க பார்த்ததுதான், ஹஜ்ரத்," என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

பிற்பகலில், ஊர்க் குளியல்கூடத்தில் அடுப்பெரிக்கும் மர்தான் வந்தான், இரண்டு கூட்டாளிகளோடு. சூதாடிகள் என்பது தெருவில் அவர்களுக்குப் பெயர்.

"கிழவன் செத்தும் நம்மளை வேலை வாங்குறான் பாரு," என்று சொல்லிக்கொண்டே குளிப்பாட்டினான் மர்தான். கைகள் மட்டும் மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதென்பது போல நகர்ந்தன. கஃபன் துணி சுற்றி, முற்றத்தில் நின்று அவர்களே தொழுதார்கள்.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கப் போனபோதுதான் ஒரு முனைக்குத் தோள் இல்லை என்று தெரிந்தது.

"யாராச்சும் ஒரு தோள் குடுங்கய்யா," என்றான் மர்தான் வெளியே நின்றவர்களிடம். யாரும் அசையவில்லை. செருப்புத் தைப்பவர் வானத்தைப் பார்த்தார்.

பானூயா முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு குனிந்தாள்.

"பொம்பளை தூக்குறதா! அப்பனுக்கேத்த பொண்ணுதான்," என்றாள் எதிர்வீட்டு மாமி, தெருவுக்கே கேட்கும்படி.

"ஆமா மாமி," என்றாள் பானூயா.

மரம் தோளில் பதிந்தது. வாதுமைப் பூக்கள் உதிரும் சந்துக்குள் நால்வரும் திரும்பினார்கள். அவள் குள்ளம். அவள் பக்கம் சந்தூக்கு சற்றே தாழ்ந்தது. பக்கத்தில் மர்தான் முழங்காலை மடித்து, அவள் உயரத்துக்கு நடக்கத் தொடங்கினான்.