அப்பாவுக்கு வாசித்த இரண்டு குரல்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கும் பெரிய மென்பொருள் கம்பெனிகளுக்கும் ஏன் இப்படி ஏழாம் பொருத்தம் என்று சாதாரண வாசகருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். “மென்பொருளுக்குள் எழுதியிருப்பதை எவரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்பவர்கள் ஒரு பக்கம், பூட்டி வைத்து விற்பவர்கள் மறுபக்கம்” என்று ஜம்மென்று ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு ஒரு உதாரணம் தேவைப்பட்டது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளை எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் சும்மா கொடுத்தவள். சாயங்காலம் வரை பேசினாள். திரும்பி வந்து கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

(கிழிக்கவெல்லாம் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கி அழித்தேன். கிழித்தேன் என்றால்தான் எழுத்தாளன் மாதிரி இருக்கிறது.)

2

முதல் வரி வாய்க்கவே இல்லை.

“தர்மத்துக்கும் லாபத்துக்கும் நடந்த போரில் ஒரு குடும்பம்…” — ஐயய்யே.

“அவளுக்கு இரண்டு எதிரிகள். ஒருவன் தம்பி, இன்னொருவன்…” — தம்பியை எதிரி என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு அப்பா. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு மகள், ஒரு மகன். ஓய்வு கிடைத்ததும் துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ள வேண்டும் என்று மனுஷர் காத்துக்கிடந்தார். ஓய்வும் வந்தது, கூடவே கண்ணும் மங்கியது. எழுத்துகள் முதலில் புகையாகி, அப்புறம் அதுவும் இல்லாமல் போயின.

மகள் — அவளை அக்கா என்றே சொல்கிறேன் — அப்பாவுக்காகத்தான் அந்த மென்பொருளை எழுத ஆரம்பித்தாள். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டை ஒதுக்கிவிட்டு எழுதுவாள். எழுதியதை இணையத்தில் திறந்து வைத்தாள். முகம் தெரியாத நாலைந்து பேர் எங்கெங்கிருந்தோ வந்து கை கொடுத்தார்கள். பிழை கண்டுபிடிக்கும் வேலை மட்டும் அப்பாவுக்கு. அதில் அவரை அடிக்க ஆளில்லை.

“அம்மாடி, ‘ஐயோ பாவம்’னு இருக்கிற இடத்துல, ‘முகபாவம்’னு சொல்றப்ப வருமே, அந்தப் பாவமா வாசிக்குது. அழுறவனைப் பாத்து, என்னமா நடிக்கிறான்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதானேப்பா. அதுக்கு எப்படித் தெரியும்? சரி பண்றேன்.”

பண்ணவில்லை. அதைவிட அவசரமான பிழைகள் எப்போதும் இருந்தன. அப்பாவுக்கும் அந்தப் பிழை பிடித்துப்போயிற்று. வீட்டில் யார் கையைச் சுட்டுக்கொண்டாலும் அதே ராகத்தில் “ஐயோ பாவம்” என்பார்.

3

தம்பிக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை. எவ்வளவு பெரியது என்றால், உங்கள் போனிலும் ஏதோ ஒரு மூலையில் அது உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பெனியும் புத்தகம் வாசிக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்தது. நம் மொழிக்கான குழுவில் தம்பி.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பேச்சு முற்றிவிட்டது.

“கோச்சுக்காதக்கா. உன் புரோகிராம் பேசுறது, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு. எங்களோடதைக் கேட்டுப் பாரு. மனுஷக் குரல்.”

“மனுஷக் குரல்தான். அப்பா என்ன படிக்கிறாரு, எந்தப் பக்கத்துல நிறுத்துறாரு, எதைத் திரும்பக் கேக்குறாருன்னு எல்லாத்தையும் உங்க கம்பெனிக்குப் போட்டுக் கொடுக்கிற மனுஷன்.”

“அப்பா படிக்கிறது கொலைக் கதை! தெரிஞ்சா என்ன குடி முழுகிடும்?”

“நாளைக்கு லாபம் இல்லன்னு கடையைச் சாத்துவீங்க. அன்னிக்குத் தெரியும்.”

அப்பா மோரைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். “எனக்கு என் பொண்ணோடதே போதும்ப்பா” என்றார். அக்கா தம்பியை ஜெயித்த பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது என்றாள் என்னிடம்.

4

ஒருநாள் அப்பாவின் வீட்டிலிருந்து கிளம்பித் தெருமுனை வரை போன அக்கா, குடையை மறந்துவிட்டதால் திரும்பினாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல கனமான, இதமான குரல். விருந்தாளி என்று நினைத்தாள். குரல் சொன்னது: “இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்தார்.” அப்பா நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய மென்பொருளைக் கேட்கும்போது அவர் இப்படிச் சாய்ந்ததில்லை. முன்னால் குனிந்து, நெற்றியைச் சுருக்கி, காதைக் கொடுத்துத்தான் கேட்பார்.

குடையை எடுக்காமல் திரும்ப நினைத்தாள். அப்போது அந்தக் குரல் “ஐயோ பாவம்” என்றது. முகபாவத்தின் பாவம்.

(உலகத்தில் வேறு யாருக்கும் புரியாது. தன் பிழையை வைத்துத் தன் பிள்ளையை அடையாளம் கண்டாள் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கே வைக்கிறேன்.)

மழையில் நனைந்துகொண்டே தம்பிக்குப் போன் போட்டாள்.

“நான் எழுதின புரோகிராமை எடுத்தீங்களா?”

“உச்சரிப்புப் பகுதியை மட்டும். யாரு வேணும்னாலும் எடுக்கலாம்னு நீதானே எழுதி வெச்சிருக்க?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா.”

“சொன்னா வேண்டாம்ப. நம்ம மொழிக்கெல்லாம் எங்க மேலிடத்துல யாரு மெனக்கெடப் போறாங்க அக்கா? கையில இருந்ததை வெச்சுத்தான் ஒப்பேத்தினேன். அப்பாவுக்காகத்தான்.”

அவள் போனை வைத்தாள். அதோடு பேச்சு நின்றது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. திருடியிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. அடுத்த முறையிலிருந்து அழைப்பு மணியை அடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி, திரும்பவும் ஒழுங்காக வைத்து, மெதுவாக உள்ளே போனாள். அவர் போனில் குரலை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டுமே. உள்ளே போனால் தகர டப்பா வாசித்துக்கொண்டிருக்கும். அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “நல்லா வந்திருக்கும்மா” என்பார்.

5

அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாதியில் விட்ட நாவலை அக்கா தன் போனில் கொண்டுபோயிருந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் திரையில் விழுந்துகொண்டிருந்தது. நர்ஸ் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டுப் போன நேரம். அப்பா அவள் கையைத் தடவிப் பிடித்து, “உன்னோடதைப் போடும்மா. அதுல கேட்டாத்தான் எனக்கு நிம்மதி” என்றார்.

இப்படி எழுதி, கதையை இதுவரை அவளுக்கு அனுப்பினேன்.

6

மறுநாள் போன் செய்தாள். “நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது நடக்கலையே?”

“கதைதானேம்மா. கொஞ்சம் ஆறுதலா இருக்கட்டும்னு…”

“யாருக்கு?”

நடந்தது இது:

அவள் தன் மென்பொருளைத்தான் போட்டாள். அது ஒரு பக்கம் வாசித்தது. அப்பா நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “தம்பியோடதைப் போடும்மா” என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “உன்னோடதைக் கேக்க கொஞ்சம் கவனம் வேணும். அவ்வளவு தெம்பு இல்ல இப்போ.”

“சரிப்பா.”

அவருடைய போன் வீட்டில் இருந்தது. அவள் போனில் அந்தக் கம்பெனியின் சாமான் எதுவும் கிடையாது. ஆயுசில் வைத்ததில்லை. இணையத்திலிருந்து இறக்கினாள். ஒப்பந்தம் வந்தது, இழுக்க இழுக்கக் கீழே போகும் ஒப்பந்தம். அதன் ஒவ்வொரு வரியையும் எதிர்த்து மேடை போட்டுப் பேசியவள் அவள். படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவள். அப்பா காத்துக்கொண்டிருந்தார். படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அமுக்கினாள்.

குரல் வந்தது. அப்பாவின் நெற்றி தளர்ந்தது. சாய்ந்துகொண்டார். கொலைகாரன் யார் என்று தெரிவதற்கு முன்பே தூங்கிப்போனார். அவள் நிறுத்தவில்லை; நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று பயம். அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அப்பா இறந்த வருஷமே அந்தக் கம்பெனி நம் மொழியில் வாசிப்பதை நிறுத்தியது. கேட்பவர்கள் குறைவு என்றார்கள். குழு கலைந்தது. அந்தக் குரலைப் பொதுவில் விட்டுவிடுங்கள் என்று தம்பி கெஞ்சிப் பார்த்தான். அது கம்பெனியின் சொத்து என்றார்கள். இன்று எந்தப் போனிலும் அந்தக் குரல் இல்லை. கடையைச் சாத்துவார்கள் என்று தான் சொன்னது பலித்ததே என்று அவளுக்குத் துளி சந்தோஷமும் வரவில்லை. அப்பா கடைசியாகக் கேட்ட குரல் அது.

தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். வெகுநேரம் ஷூவைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

“உன்னோடதுல எனக்கு ஏதாவது வேலை இருக்காக்கா?”

முதல் முடிவு: அவள் கதவைச் சாத்துகிறாள். இரண்டாவது: நாற்காலியை இழுத்துப் போடுகிறாள், இருவருமாக… (பாதியில் விட்டேன். விளம்பரம் மாதிரி வந்தது.) மூன்றாவது: எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொல்கிறாள், தம்பி அழுகிறான்.

எது என்று அவளிடமே கேட்டேன்.

“நீங்க எப்படி வேணும்னாலும் முடிச்சுக்கோங்க. படிக்கிறவங்களும் மாத்திக்கட்டும். எனக்கு அது பழக்கம்தான்.”

சரி என்று போனை வைக்கப் போனேன்.

“ஒரு நிமிஷம்” என்றாள். “அப்பா கேட்டது இருக்கில்ல, தம்பியோடதைப் போடச் சொன்னது… அதை மட்டும் யாரும் மாத்த வேணாம்.”