பதிந்த இடத்தில் மட்டும்

சொந்த வீடில்லாதவர்களுக்காக ஓடிய மருந்து வண்டியில், வீடு எங்கே என்று கேட்கும் விதியை எழுதி வைத்தவன் கலீல்தான். வேறு எவர் மீதும் அவன் பழி போட முடியாது.

பாலக்காட்டு வணிகக் குடும்பமொன்றில் மருந்தாளுநர் படிப்பை முடித்த முதல் பிள்ளை அவன். இடுக்கி எல்லையில் ஒரு தொண்டு அமைப்பின் வண்டியில் சேர்ந்த ஆண்டிலேயே அக்கிரமத்தைக் கண்ணால் கண்டான். வலிப்புக்குத் தரும் மாத்திரையை ஒரே ஆள் மூன்று நிறுத்தங்களில் மூன்று பெயர் சொல்லி வாங்கிப் போதைக்கு விற்றான். கலீல் கொதித்தான். ஏழையின் மருந்தைத் திருடுகிறவன் ஏழையின் உயிரையே திருடுகிறான் என்று மேடை மேடையாய் முழங்கினான். துண்டறிக்கை அடித்து விநியோகித்தான். நடமாடும் மருந்தகங்களுக்கு மாவட்டக் குழு விதிமுறை வகுத்தபோது, ஏழாம் விதியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான்: இத்தகைய மாத்திரைகள் நோயாளி பதிந்த இடத்தில் மட்டுமே வழங்கப்படும். கைதட்டினார்கள். அன்று அவன் கால் தரையில் பாவவில்லை.

பதிவேடு திறந்த நாளில் கத்தரீனாள் வந்தாள். சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் உழைத்தவள், வலிப்பு நோய்க்காரி. இருப்பிடம் எது என்றதும், "மூணாம் லயம், எட்டாம் நம்பர்" என்றாள். முப்பத்தோராண்டு சொல்லிப் பழகிய நாக்கு அது. லயம் என்பது தோட்டத்தார் தொழிலாளருக்குத் தந்த வரிசை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பணி ஓய்வோடு அந்த அறையை விட்டிறங்கி நான்கு மாதம் ஆனதை அவள் சொல்லவில்லை. கம்பம்மெட்டில் மூடிக் கிடந்த ஏலக்காய்க் கடையொன்றின் பின்தாழ்வாரத்தில் படுப்பதையும், கூலிக்கு ஏலக்காய் பறித்துப் பிழைப்பதையும் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, வண்டி கம்பம்மெட்டுச் சந்திப்பில் நின்றபோது வரிசையில் அவளும் நின்றாள்.

"தம்பி, மாத்திரை தீந்துபோச்சு. ஒரு அட்டை குடுங்க."

"ஏனுங்க்கா, உங்க பேரு லயத்துலயல்ல இருக்குது? வியாழக்கிழமை அங்கயே வண்டி வருமுங்க."

"அதான் இங்க வந்திருக்கேன்ல."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"சாமான் வாங்க."

"கையில பையே இல்லியே!" என்றார் ஓட்டுநர் ஜோபி. "சாமான முந்தானையிலயா கெட்டிட்டுப் போவீங்க?"

வரிசை சிரித்தது. கலீல் சிரித்தான். அவளும் சிரித்தாள், உதடு வரை வந்த உண்மை அந்தச் சிரிப்போடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

ஜோபிக்கே மனம் இளகியது. "குடுத்துரு சாரே. நாலு மாத்திரையில என்ன குடி முழுகிரும்?"

"ஒருத்தருக்குக் குடுத்தா ஒம்பது பேரு வருவாங்க. விதின்னா விதிதானுங்க."

வியாழக்கிழமை வண்டி லயத்து முற்றத்தில் கால் மணி நேரம் காத்து நின்றது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று கலீல் எழுதினான். அவள் வந்திருந்தாள். பஸ் ஏறி வந்து தோட்டத்து வாசலில் நின்றாள். வேலை முடிந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று காவலாளி மறித்துவிட்டான். அவள் நின்ற வாசலுக்கும் அவன் எழுதிய மேசைக்கும் நடுவே இருநூறு அடி கூட இராது.

ஞாயிறு காலை, தாழ்வாரத்தில் மூன்று கல் கூட்டிக் கஞ்சி வைக்கையில் வலிப்பு வந்தது. வலக்கை அடுப்புக்குள் கிடந்தது.

மறுநாள் கம்பம்மெட்டில் தேநீர்க்கடை சரஸ்வதியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "உங்க சட்டம் நல்லா இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கலீல் மருத்துவமனைக்கு ஓடினான். கத்தரீனாளின் கை முழங்கை வரை கட்டுப் போட்டுக் கிடந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாங்க்கா?"

"எத்தன பேரு முன்னால தம்பி? நீங்க வீட்டத்தான கேட்டீங்க. நோயக் கேட்டிருந்தா உள்ளதச் சொல்லியிருப்பேன்." பிறகு கட்டைப் பார்த்தாள். "இந்தக் கை இனிமே காய் எடுக்குமா?"

மூன்று விரல்கள் இனி மடங்கா என்று மருத்துவர் கலீலிடம் முன்பே சொல்லியிருந்தார்.

குழுவின் முன் சென்று ஏழாம் விதியை நீக்குங்கள் என்றான். "இதுக்காக ஒரு மணி நேரம் பேசினது நீங்கதானே?" என்றார் அதிகாரி. மறு ஆய்வு ஆறு மாதம் கழித்துத்தான் என்று கோப்பை மூடினார். திருடனைப் பிடிக்கக் கட்டிய வேலி திருடனைப் பிடித்ததோ இல்லையோ, நோயாளியைப் பிடித்துவிட்டது. வேலியைக் கட்ட ஒரு மாலை போதுமாயிருந்தது. பிரிக்க ஆறு மாதம்.

கத்தரீனாள் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த திங்கட்கிழமை, கலீல் வண்டியை விட்டிறங்கி மூடிய கடையின் பின்புறம் நடந்தான். கதவிலக்கம் இல்லாத இடத்தை விதி ஏற்காது என்று தெரிந்தே, இருப்பிடம் என்ற கட்டத்தில் அந்தத் தாழ்வாரத்தை எழுதினான். தன் மருந்தாளுநர் உரிமம் போனால் போகட்டும் என்று ஒரு மாத மாத்திரையையும் நீட்டினான். துணிச்சல்தான், ஆனால் அதற்குரிய நாள் கடந்துபோயிருந்தது.

அவள் இடக்கையை நீட்டினாள்; நீட்டியதும் கூசிப் பின்னிழுத்தாள்.

"நொட்டாங்கையால வாங்குதேன், தப்பா நெனைக்காதீங்க தம்பி."