வலிப்பது ஒரு பல், பிடுங்குவது ஐந்தா?

ஹேசல் வந்த மறுநாளே கௌசிகாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, கௌசிகாவும் அவள் கணவன் சசிகுமாரும் தங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் சேலம், ஈரோடு, பெங்களூர்க்காரர்கள். அருவி பார்ப்பார்கள், நாட்டுக்கோழிக் குழம்பு கேட்பார்கள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து ஒரு வாரம் இருப்பேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஹேசல் இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு கடலோர ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் கொண்டை ஊசி வளைவுகளை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இந்த ரோட்டில் பஸ் எப்படித்தான் திரும்புகிறது என்று நேரில் பார்க்கவே வந்ததாகச் சொன்னார். கௌசிகாவுக்கு அந்தக் காரணம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவளும் அப்படித்தான். ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சந்தேகம் சாப்பாட்டில் தொடங்கியது. கோழிக் குழம்பில் குழம்பை மட்டும் சாமைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, கறியைத் தொடாமல் வைத்துவிட்டார் ஹேசல். வாழைப்பழத்தைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வாயின் ஒரு பக்கமாகவே ஒதுக்கினார். வெந்நீர் கொடுத்தால் ஆறட்டும் என்று வைத்துக்கொண்டு, ஆறின பிறகும் பயந்து பயந்து குடித்தார்.

"காரம் ஒத்துக்கலையோ என்னமோ," என்றான் சசிகுமார்.

"காரம்னா கண்ணுல தண்ணி வரோணும். இவங்க பச்சத்தண்ணி குடிச்சாலே கன்னத்தப் புடிச்சுக்கறாங்க. இது வேற என்னமோங்க."

அது என்னவென்று அடுத்த நாள் விடிந்ததும் தெரிந்தது. ஹேசலின் வலது கன்னம் இட்லியாய் உப்பியிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கவில்லை. கௌசிகா காப்பித் தம்ளரோடு வாசலில் நின்றபடி, தன் கல்லூரி இங்கிலீஷில் நேராகவே கேட்டாள்.

"பல்லா?"

ஹேசல் தலையை ஆட்டினார்.

கௌசிகாவின் மாமியார் குழந்தையம்மாள் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். காய்ந்த கண்டங்கத்திரிப் பழத்தைத் தணலில் போட்டு, அந்தப் புகையை ஒரு பப்பாளித் தண்டு வழியாக வாய்க்குள் பிடிக்கச் சொன்னார். "பல்லுல இருக்கிற புழுவெல்லாம் பொத்துப் பொத்துனு உழுந்திரும் சாமி, சும்மா புடி." ஹேசல் கொஞ்சமும் தயங்காமல் தண்டை வாயில் வைத்துக்கொண்டு இழுத்தார். இருமினார், கண்ணைக் கசக்கினார், மறுபடி இழுத்தார். பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளையாய் எதுவோ விழுந்து கிடந்தது. கௌசிகா ஒரு குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"அத்தே, இது புழு இல்லைங்க. விதையோட தோல் வெடிச்சு உழுந்திருக்குது."

"நீ கண்டே," என்றார் குழந்தையம்மாள். ஹேசலுக்கு இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கௌசிகா சொன்னதும், வீங்கின கன்னத்தோடு கிண்ணத்தின் மேல் குனிந்து அவரும் உற்றுப் பார்த்தார். வலி என்னவோ அப்படியே இருந்தது.

"இவ்வளவு நாளா ஊர்லயே காட்டாம ஏன் விட்டீங்க அக்கா?" என்று கேட்டாள் கௌசிகா. இங்கிலீஷில் பேசும்போதும் அக்கா என்பது மட்டும் தமிழாகவே வந்தது.

ஹேசல் சொன்னதைக் கேட்டு அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவருடைய ஊரில் அரசாங்கச் செலவில் பல் பார்க்கும் மருத்துவர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த ஊரில் இருப்பவர் புதிதாக ஆள் சேர்ப்பதில்லையாம். தனியாரிடம் போனால் பஸ் ஓட்டிச் சம்பாதிப்பது பற்றாதாம். இதற்கு முன்னால் இடதுபக்கம் ஒரு பல் இப்படித்தான் படுத்தியதாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து, கையளவு கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, குறடால் தானே பிடுங்கிவிட்டாராம்.

"நீங்களேவா?"

"நானேதான். முதலில் கொஞ்சம் விஸ்கி குடித்தேன்," என்றார் ஹேசல். பிறகு வாயை அகலத் திறந்து அந்தக் காலி இடத்தைக் காட்டினார். கௌசிகா கூச்சமில்லாமல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அருவருப்பு வரவில்லை. ஒரு ஆள் தன் பல்லைத் தானே பிடுங்கும்போது கை எந்தப் பக்கம் திரும்பும், கண்ணாடியில் இடது வலதாகத் தெரியுமே, எப்படிச் சமாளித்தார் என்றெல்லாம்தான் கேட்கத் தோன்றியது. எல்லாவற்றையும் கேட்டாள். ஹேசல் குறடு பிடிப்பதுபோல் கையை வைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

அடுத்த பஸ்ஸுக்கே கௌசிகாவும் ஹேசலும் நாமக்கல் கிளம்பினார்கள். போன இடம், ஹேசல் தன் போனில் தேடிப் பிடித்திருந்த ஒரு பல் கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் சிரிக்கும் படங்கள். உள்ளே போனதும் தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்கார வைத்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கணினித் திரையில் வண்ண வண்ணமாக ஒரு படத்தைக் காட்டினார். ஐந்து பற்களை எடுக்க வேண்டும், அந்த இடங்களில் திருகாணி வைத்து வெளிநாட்டுப் பல் பொருத்த வேண்டும், எல்லாம் ஒரே பேக்கேஜ் என்றார். தொகையை அழகான தாளில் எழுதி நீட்டினார்.

அந்தத் தாளைப் பார்த்து கௌசிகாவுக்குத் தலை சுற்றியது. ஹேசலின் முகமோ தெளிந்துவிட்டது.

"எங்கள் ஊரில் கேட்பதில் இது பாதிகூட இல்லை," என்றார் வெளியே வந்ததும். "சேமித்து வைத்ததில் முடித்துவிடலாம். சரியென்று சொல்லிவிடட்டுமா?"

கௌசிகா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவருக்கு மலிவு என்றால் அது மலிவுதானே, நடுவில் புகுந்து கெடுக்க நாம் யார் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனாலும் ஒரு கேள்வி செருப்பில் புகுந்த கல்லாய் உறுத்திக்கொண்டே வந்தது.

"அக்கா, வலிக்கிறது ஒரு பல்லு. அஞ்சு எதுக்கு?"

ஹேசல் நின்றார். "நான் கேட்கவில்லை."

"ஏன் கேக்கல?"

"என் வாயைப் பார்த்து எனக்கே வெட்கம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் முன்னால் உட்கார்ந்தால், எப்போது எழுந்து ஓடலாம் என்றுதான் இருக்கும். அவர் எது சொன்னாலும் தலையாட்டிவிடுவேன்."

கௌசிகா தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். தன் மாமியாருக்குப் பல் வலி, கூட்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல், "லோக்கல் பேஷண்ட்டுங்களா, ஃபாரின் பேஷண்ட்டுங்களா?" என்று கேட்டது.

"எங்கத்தை கொல்லிமலைங்க."

"அப்ப கூட்டிட்டு வாங்க. எந்தப் பல்லு வலிக்குதோ அத மட்டும் பாத்துக்கலாங்க."

கௌசிகா போனை அணைத்துவிட்டு அந்த உரையாடலை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். ஹேசல் கோபப்படுவார் என்று நினைத்தாள். "அப்படியானால் யாரிடம் போவது?" என்று மட்டும் கேட்டார் ஹேசல்.

அது கௌசிகாவுக்கும் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாளின் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் பல்லுக் கட்டியிருக்குதுங்களா? எங்கீங்க கட்டுனீங்க?"

அந்த அம்மாளின் பெயர் மாதம்மாள். காய்கறி விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, உதட்டைத் தூக்கிக் காட்டினார். "கேக்கறதுக்கு இப்பத்தான் ஒரு ஆளு வந்திருக்கு. இது சேந்தமங்கலம், உரக்கடை மாடியில பானுமதி டாக்டரு. கரும்பு கடிக்கிறேன் கண்ணு!"

அவ்வளவுதான், பஸ்ஸே வாயைத் திறந்துவிட்டது. பின்னாலிருந்த ஒருவர் தன் தங்கப் பல்லைக் காட்டி, அது சேலத்தில் கட்டியது என்றார். இன்னொருவர் தன் கடைவாயில் விரலை விட்டு இழுத்து, இது அடைத்தது, இது எடுத்தது, இது எடுக்கச் சொல்லியும் எடுக்காமல் விட்டது என்று விளக்கினார். ஒருவர் ஒரு மருத்துவரைப் பெயர் சொல்லாமல் திட்டினார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, தன் சம்சாரத்துக்கும் அதே பானுமதி டாக்டர்தான் என்றார். ஹேசல் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, தன் வாயையும் மாதம்மாளுக்குத் திறந்து காட்டினார்.

"அட பாவமே," என்றார் மாதம்மாள். "சேந்தமங்கலத்துல எறங்குங்க. நேத்தே போயிருக்கோணும்."

இறங்கினார்கள்.

உரக்கடை மாடியில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஏசி இல்லை. பானுமதி டாக்டர் கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான அம்மாள். ஹேசலை நாற்காலியில் சாய்த்து, ஒவ்வொரு பல்லையும் சின்னக் கம்பியால் தட்டிக்கொண்டே வந்தார். ஒன்றைத் தட்டியதும் ஹேசல் துள்ளி எழுந்துவிட்டார். அதை எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர்.

"நானும் பாக்கலாங்களா மேடம்?" என்றாள் கௌசிகா.

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படத்தைத் தாழ்த்திப் பிடித்தார். வேர்கள் இரண்டும் மண்ணுக்குள் இறங்கின மரவள்ளிக் கிழங்கு மாதிரி தெரிந்தன. ஒன்றின் நுனியில் கறுப்பாய் ஒரு திட்டு.

"அந்த நிழல் இருக்குது பாருங்க, அங்கதான் சீழ் கட்டியிருக்கு. பல்ல எடுக்க வேண்டியதில்ல. ரூட் கெனால் பண்ணி, மேல கேப் போட்டுரலாம்."

"மத்த நாலு?"

"எந்த நாலு?"

கௌசிகா கிளினிக்கின் தாளைக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு, மறுபடியும் வாய்க்குள் பார்த்தார். "ஒன்னுல சின்ன ஓட்டை, அடைச்சா போதும். மத்த மூணும் நல்லா உக்காந்திருக்குது."

"அப்புறம் எதுக்குங்க எடுக்கச் சொன்னாங்க?"

"அத அவங்களத்தான் கேக்கோணும்," என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு ஹேசலின் இடது ஈறைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இத யாரு எடுத்தது?"

கௌசிகா சொன்னாள். டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. நாற்காலியைச் சுற்றி வந்து, இன்னொரு கோணத்தில் பார்த்தார்.

"வேர் உள்ள ஒடஞ்சு நிக்கல. அதிர்ஷ்டந்தான். கொஞ்சம் பிசகியிருந்தா தாடையே ஒடஞ்சிருக்கும். இனிமே இந்த வேலை செய்யக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கௌசிகா அதைச் சொன்னதும் ஹேசல் சிரித்தார். சிரிப்பு நடுவில் எங்கேயோ தடம் மாறி அழுகையாயிற்று. டாக்டர் பஞ்சைக் கையில் கொடுத்துவிட்டு, அழுது முடிக்கட்டும் என்று மருந்து கலக்கப் போய்விட்டார்.

சீழை வெளியேற்றிய அன்றைக்கே வலி பாதி குறைந்துவிட்டது. மிச்ச வேலைக்கு நாலைந்து நாள் இடைவெளி விட்டு வரவேண்டும் என்றார் டாக்டர். ஹேசல் கேரளத்துக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அதே அறையில் தங்கிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் அவர் ஸ்டியரிங்கை ஒடிப்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். கௌசிகாவோ ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் ஏதாவது கேட்டாள். நரம்பை எடுத்துவிட்டால் பல் செத்துப்போகாதா, செத்த பல் எப்படிக் கடிக்கும், கேப்புக்குள் தண்ணீர் போகுமா. டாக்டர் முதலில் சுருக்கமாகத்தான் பதில் சொன்னார். கடைசித் தடவை போனபோது, ஒரு பழைய பல்லை நெடுக்காக வெட்டி, உள்ளே ஓடும் பாதையைக் காட்டுவதற்கென்றே எடுத்து வைத்திருந்தார்.

"நீங்க இதுக்கே படிச்சிருக்கலாமேம்மா?"

"எனக்கு வாய்க்குள்ள கைய உட்டா பயங்க மேடம். பாக்கறதுக்கு மட்டுந்தான் ஆசை."

கேப் போட்ட அன்று கட்ட வேண்டிய தொகையைக் கேட்டுவிட்டு, ஏதோ விட்டுப்போயிருக்கும், சரியாகக் கூட்டச் சொல் என்று கௌசிகாவிடம் சொன்னார் ஹேசல். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாருக்கும் இதுதான்," என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாப்பில் கொய்யா விற்றார்கள். செங்காயாக ஒன்றைப் பொறுக்கி, வலது பக்கத்தில் வைத்துக் கடித்தார் ஹேசல். நறுக்கென்று சத்தம் கேட்டது. மென்றுகொண்டே கௌசிகாவின் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்து பத்திருபது நாள் இருக்கும். வயல்மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள் கௌசிகா. போனில் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. திறந்தாள். ஒரு ஆணின் அகலத் திறந்த வாய். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது: 'நானும் ஹேசலும் ஒரே டிப்போ. கேட்டால் பதில் சொல்வீர்கள் என்றார். இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?'

"ஏனுங்க, இங்க வாங்க!" என்று கத்தினாள். சசிகுமார் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"என்ன கண்ணு, என்னாச்சு?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மேல் வரிசையில், கடைசிக்கு முந்தின பல்லில், ஏதோ கறுப்பாய்த் தெரிந்தது. வெயில் படாமல் போனைக் கையால் மறைத்துக்கொண்டு இன்னும் பெரிதாக்கினாள்.

"வெளிச்சம் பத்தல," என்றாள். "இன்னொரு படம் அனுப்பச் சொல்லோணும். அப்புறம் சேந்தமங்கலம் போயிட்டு வாரேன்."